எஞ்சின் மட்டும் மலை ஏறுவதில்லை

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பழைய ஜீப் ஒன்று முனகிக்கொண்டு போனால், பின்னால் வருபவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சினில் தெம்பு இல்லை. பொலிரோ எஞ்சினைத் தூக்கி வைத்தால் பறக்கும்." அதில் பாதி சரி. மீதிப் பாதியை இந்த டீ முடிவதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில் இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் வைப்போம். மகிந்திரா 1940களின் கடைசியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சி.ஜே. 3பி ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நிமிடத்துக்கு 4000 சுற்றில் சுமார் 75 குதிரைத்திறன். பி.எஸ். 6 பொலிரோவில் இருப்பது 1.5 லிட்டர் டர்போ டீசல். 3600 சுற்றில் அதுவும் ஏறக்குறைய 75தான். அன்றைக்குத் துணைக்கருவிகள் இல்லாமல் வெறும் எஞ்சினை மேடையில் வைத்து அளப்பார்கள் என்பதால் பழைய கணக்கு கொஞ்சம் தாராளம். அதைக் கழித்தாலும், குதிரைத்திறனில் பெரிய தூரம் இல்லை.

அப்படியானால் புதியது நன்றாக இழுப்பது எப்படி? கரும்பு ஏற்றிய மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நின்ற வண்டியைச் சேற்றிலிருந்து கிளப்ப மாடு கொடுக்கும் அந்த முதல் இழுப்பு இருக்கிறதே, அதுதான் டார்க். தமிழில் முறுக்குவிசை, டிரைவர்கள் வாயில் 'புல்லிங்'. பொழுது சாய்வதற்குள் அந்த மாடு எத்தனை நடை அடித்தது என்பது குதிரைத்திறன். பழைய எஞ்சினின் முறுக்குவிசை 2000 சுற்றில் 155 நியூட்டன் மீட்டர். புதியதில் 210, அதுவும் 1600 சுற்றிலேயே வந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. மலை ஏற்றுவது எஞ்சின் என்று நினைக்கிறோம். உண்மையில் எஞ்சின் தருவதைப் பெருக்கிக் கொடுப்பவை பல்சக்கரங்கள். சி.ஜே. 3பி-யில் முதல் கியர் அதை 2.8 மடங்காக்குகிறது. நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் இன்னொரு 2.46 மடங்கு. அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. அந்த 155, சக்கரத்துக்குப் போகும்போது 5700-ஐத் தாண்டுகிறது. டயரின் ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை சுமார் 1600 கிலோ. வழியில் உராய்வு தின்றது போக 1300 என்று வையுங்கள். வெறும் ஜீப்பின் எடையே ஒரு டன்தான்.

அதாவது நல்ல நிலையில் இருக்கும் பழைய எஞ்சினே, லோ கியரில், எஞ்சின் திணறுவதற்கு முன் டயரைச் சுழலவிட்டுவிடும். சேற்றில் நின்றுபோகும் ஜீப்புக்குப் பெரும்பாலும் குறை பிடிமானத்தில்; எஞ்சினில் இல்லை. டர்போ எஞ்சினுக்கு வேறொரு குணமும் உண்டு: சுற்று குறைவாக இருக்கும்போது டர்போ தூங்கும். கல்லுக்குக் கல் தவழ்ந்து போகிற இடத்தில் அது எப்போதும் சுகமான துணை என்று சொல்ல முடியாது.

மாற்றுகிறவர்களுக்கு லாபம் வேறு இடத்தில். தார்ச்சாலைக் கொண்டை ஊசி வளைவில் மரவள்ளி மூட்டைகளோடு இரண்டாம் கியரிலேயே ஏறலாம். எரிபொருள் மிச்சமாகும். உதிரிபாகம் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ கிடைக்கும். இவை போதுமான காரணங்கள்தான்.

சரி, எப்படி வைப்பது? புது எஞ்சினின் போல்ட் துளைகள் பழைய கியர் பாக்ஸோடு பொருந்தாது. நடுவே லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் ஒன்று வேண்டும். கியர் பாக்ஸின் தண்டு ஃப்ளைவீலின் நட்ட நடுவில், சிறு பேரிங் ஒன்றுக்குள் உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் அரைபடும்; கிளட்ச் உதறும். அடுத்து ஆயில் சம்ப்: முன் அச்சு மேலே எழும்போது அதில் இடிக்காமல் இடம் விட வேண்டும். புது டீசலுக்கு மூளை போல ஈ.சி.யு. என்ற மின்னணுப் பெட்டி உண்டு. அதன் ஒயரிங்கையும் சென்சார்களையும் சாவியையும் சேர்த்து எடுத்து வராவிட்டால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த எஞ்சின் மாதக்கணக்கில் பட்டறை மூலையில் கிடப்பது இதனால்தான்.

பிறகு சங்கிலியின் மற்ற கண்ணிகள். 155-க்குச் செய்த கியரும் ஆக்ஸிலும் இனி 210-ஐத் தாங்க வேண்டும். மெலிந்தது எதுவோ அது முறியும். லோ கியரில் மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, ஆகவே ரேடியேட்டரும் ஃபேனும் பெரியதாக வேண்டும். பூஸ்டர் வைத்த பிரேக் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தானாகக் கொடுக்கும் வெற்றிடத்தை டீசல் கொடுக்காது, தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். இதை மறந்தால் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கால் வலிக்க மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது. என்னைக் கேட்டால், முதல் செலவு பிரேக்குக்குத்தான்.

கடைசியாகக் காகிதம். எஞ்சின் எண், எரிபொருள், கன அளவு எல்லாம் ஆர்.சி.யில் பதிந்தவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தையும் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே பழைய எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால், இருக்கிற எஞ்சினுக்கே ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டு, நல்ல டயர் மாட்டுங்கள். மலை ஏற அது போதும்.