நடுவில் ஒரே ஒரு துளை

டெக்சாஸில் மகள் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டு வந்த வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அடுத்த வீட்டுப் பெரியவர் சாயங்காலமானால் கார் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு துப்பாக்கித் தோட்டா செய்ய உட்கார்ந்துவிடுவாராம். கடையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளை ஒருவர் எதற்காக வீட்டில் செய்ய வேண்டும், சட்டம் விடுமா, ஆபத்தில்லையா என்று கேட்கிறார்.

சட்டம் விடுகிறது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால்தான் தேவை. நம் நாட்டில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 'எதற்காக' என்ற கேள்விதான். துப்பாக்கி மேல் எனக்கு நாட்டமில்லை, ஆனால் பித்தளை மேல் நெடுநாள் பிரியம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கின் உயிர் பித்தளையில்தான் இருக்கிறது.

சுட்டவுடன் குண்டு போய்விடுகிறது. வெடிமருந்து எரிந்துவிடுகிறது. அடியில் பதித்திருந்த கேப், அதாவது பிரைமர், துப்பாக்கியின் ஊசி பட்டு நசுங்கிவிடுகிறது. மிஞ்சுவது காலி உறை மட்டுமே. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையில் அதைச் செய்கிறார்கள். தோட்டாவில் பெரும்பாலும் விலை கூடிய பாகமும் அதுதான். அதைக் குனிந்து பொறுக்கி எடுத்து, பழைய கேப்பைத் தள்ளிவிட்டு, டை எனும் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப் பதித்து, மருந்தை அளந்து கொட்டி, புதுக் குண்டைக் கழுத்தில் பொருத்தினால் தோட்டா தயார். இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள்.

பணம் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். மிச்சமாகும் பணத்துக்கு இன்னும் நாலு தோட்டா கூடுதலாகச் சுட்டுவிடுகிறோம் என்று அவர்களே சொல்வார்கள். வேறு வழியில்லாமல் இறங்குகிறவர்களும் உண்டு. 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றி போன்ற பழந்துப்பாக்கியை வைத்திருப்பவருக்குச் சாதாரணக் கடையில் தோட்டா கிடைக்காது. பாதுகாத்து வைத்த துப்பாக்கி ஒரு முறையாவது பேச வேண்டுமென்றால் தோட்டாவை அவரே செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆழமான காரணம் துல்லியம். தொழிற்சாலையில் செய்யும் தோட்டா, எந்தக் கம்பெனி ரைஃபிளாக இருந்தாலும் அந்த ரகத்துக்குப் பொருந்தியாக வேண்டும். அதனால் கொஞ்சம் தளர்வாகவே அளவு வைப்பார்கள். ஒரு ரைஃபிளில் ஒரு முறை வெடித்த உறையோ அந்த ரைஃபிளின் தோட்டா அறைக்கே அளவெடுத்த மாதிரி உப்பிவிடுகிறது. அந்த வடிவத்தை அதிகம் குலைக்காமல் மீண்டும் நிரப்பினால் அது அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே உரிய தோட்டா. மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம்; அதிலும் பத்தில் ஒரு பங்குவரை தராசில் பார்ப்பார்கள். மேசைமேல் ரைஃபிளைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்கு வருகிறவர்கள் ஒரு கை உறைகளை மட்டும் கொண்டுவந்து, சுற்றுக்குச் சுற்று அங்கேயே நிரப்பி நிரப்பிச் சுடுகிறார்கள். 1973-இல் மேக் மெக்மில்லன் 100 கஜ தூரத்தில் ஐந்து குண்டுகளைச் சுட்டார். ஐந்தின் மையங்களுக்கும் இடையே இருந்த அதிகபட்ச இடைவெளி 0.009 அங்குலம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் ஒரே ஓட்டைதான்.

இத்தனையும் ஒரு சின்னத் துளையால் சாத்தியமானது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கேப்பில் எழும் தீப்பொறி உறைக்குள் இருக்கும் மருந்தை எட்ட, உறையின் அடியில் துளை வேண்டும். 1866-இல் கடலின் இரு கரைகளிலும் இருவர் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடும் படைக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பெர்டன். மற்றவர் லண்டனை அடுத்த உல்விச் அரசு ஆயுதச்சாலையில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் பாக்ஸர். ஊசி வந்து அடிக்கும்போது கேப் எதன்மேலாவது மோதி நசுங்க வேண்டும். அதற்கு ஒரு பட்டடை தேவை. பெர்டன் அந்தப் பட்டடையை உறையின் அடியிலேயே ஒரு சிறு மேடாக அமைத்தார். நடுவில் மேடு உட்கார்ந்துவிட்டதால் தீத்துளைகள் பக்கவாட்டுக்குப் போயின, பெரும்பாலும் இரண்டு. பாக்ஸர் முறையிலோ பட்டடை கேப்புக்குள்ளேயே ஒரு குட்டித் தகடாக வந்துவிடுகிறது. உறையின் அடி வெறுமையாக, நடுவில் ஒரே ஒரு துளையோடு நிற்கிறது.

சுடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சுட்ட பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது. பாக்ஸர் உறையின் வாய்வழியே ஒரு கம்பியை நேராக இறக்கினால் அது நடுத்துளைக்குள் புகுந்து பழைய கேப்பை வெளியே தள்ளிவிடும். ஒரு நொடி வேலை. பெர்டன் உறையில் கம்பி மேட்டில் முட்டி நின்றுவிடும். கேப்பை வெளியிலிருந்து கொக்கி போட்டு நெம்ப வேண்டும். இல்லையென்றால் உறைக்குள் தண்ணீர் நிரப்பி, வாய்க்குச் சரியாக இறுகும் கோலைச் செருகி ஓங்கித் தட்ட வேண்டும். தண்ணீரின் அழுத்தம் கேப்பைப் பிதுக்கித் தள்ளும். செய்யலாம், ஆனால் நூறு உறைக்கு யார் செய்வார்?

விசித்திரம் என்னவென்றால், ஆங்கிலேயர் பாக்ஸரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் பெர்டனின் முறை ஐரோப்பியப் படைகள் பலவற்றில் நிலைத்தது. லட்சோப லட்சம் அமெரிக்க வீடுகளில் காலி உறைகள் உயிர்த்தெழுந்ததற்குப் பாக்ஸர் முறை அங்கே நிலைத்ததே பெரிய காரணம். விஸ்கான்சினைச் சேர்ந்த ரிச்சர்ட் லீ 1958-இல் கையடக்கமான ஒரு கருவிப் பெட்டி செய்து விற்கத் தொடங்கினார். ஒரு சுத்தியல் இருந்தால் சமையலறை மேசையிலேயே வேலையை முடிக்கலாம். அவருடைய கம்பி இறங்குவதற்கு நடுவில் துளை இருந்ததால்தான் அந்தப் பெட்டிக்கே அர்த்தம் வந்தது.

இனிப் பித்தளை. .308 வின்செஸ்டர் என்ற பரவலான ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 4,000 மடங்குக்கும் மேல். அந்தக் கணத்தில் பித்தளை உப்பி அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் இறங்கியதும் லேசாகச் சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அதனால்தான் உறையை இழுத்தால் வருகிறது. விரியவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இணங்குகிற உலோகங்கள் அதிகமில்லை.

ஆனால் ஒவ்வொரு முறை விரிந்து, ஒவ்வொரு முறை டைக்குள் நசுங்கி, உறையின் கழுத்து இறுகிக்கொண்டே போகும். ஒரு நாள் விரிசல் விடும். நான் வளர்ந்த தெருவுக்குப் பின்னால் கன்னார் பட்டறை இருந்தது. குடத்தைக் கொஞ்ச நேரம் தட்டுவார்கள், பிறகு உலையில் காட்டுவார்கள், மறுபடி தட்டுவார்கள். தட்டத் தட்ட இறுகும் பித்தளை தீயில் காட்டினால் இளகிவிடும் என்பது அவர்கள் கை அறிந்த பாடம். டெக்சாஸ் பெரியவர் செய்வதும் அதேதான்: உறையின் கழுத்தை மட்டும் கணநேரம் சுடரில் காட்டி எடுப்பார். அடிப்பாகம் சூடாகவே கூடாது. அது இளகிவிட்டால் அடுத்த வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது, வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கித் திரும்பும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அழுக்கு என்று எண்ண வேண்டாம், தொழிற்சாலையில் தீக்காட்டிய தடம்.

இந்தப் பாடத்தில் நம் மழைக்காலத்துக்கும் பங்குண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படை மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டுப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்கள் கழுத்தில் பிளந்து கிடந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். இன்றும் விவரம் தெரிந்த ரீலோடர், பளபளப்பு வேண்டுமென்று அமோனியா கலந்த பாலிஷைத் தன் உறைகளில் தடவ மாட்டார். வீட்டுக் குத்துவிளக்குக்கு நாம் என்ன தடவுகிறோம் என்று புட்டியைத் திருப்பிப் படிப்பதும் நல்லது.

வாசகி கேட்ட ஆபத்துக்கு வருகிறேன். ஆபத்து உண்டு. சில கைத்துப்பாக்கி மருந்துகள் உறையில் பாதிகூட நிறையாது. கவனம் சிதறி இரண்டாம் முறை கொட்டிவிட்டால் வழிந்து காட்டிக்கொடுக்காது, துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அதனால் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். உறைகளை மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, குண்டு பொருத்துமுன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். தொலைக்காட்சி கூடாது, பேச்சு கூடாது. அச்சிட்ட கையேட்டில் சொன்ன கீழளவில் தொடங்கி மெல்ல ஏறுவார்கள்; அடுத்தவர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிதானம் இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது. அவசரக்காரர்கள் இதைத் தொடாமலிருப்பது அவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நல்லது.

அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து ஈயம். பெரும்பாலான கேப்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட உறையில் அதன் தூள் ஒட்டியிருக்கும். உறைகளை உருட்டித் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது தூசியாகக் கிளம்பும். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை. தாத்தா வேலை செய்யும் கொட்டகையில் பேரப்பிள்ளை முறுக்கு தின்றுகொண்டு நிற்கக் கூடாது. மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளக்கிறவர்களில் சிலர் கை கழுவுவதில் அதே கவனத்தைக் காட்டுவதில்லை. இது எனக்கு வருத்தம்.

இவர்களின் பித்தளைப் பிரியம் ஒருமுறை அரசாங்கத்தோடும் மோதியது. 2009 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு முடிவெடுத்தது. ராணுவச் சுடுதளங்களில் சேரும் காலி உறைகளை, அதுவரை விற்றுவந்தபடி முழுதாக விற்காமல், உருக்குலைத்து வெறும் உலோகமாகவே விற்க வேண்டும் என்றது. ரீலோடர்கள் கொதித்தார்கள். மான்டானா மாநில செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸ், ஜான் டெஸ்டர் இருவரும் கடிதம் எழுதினார்கள். சில நாட்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. துப்பாக்கி அரசியலில் நான் அவர்கள் கட்சியல்ல. ஆனால் இன்னும் பலமுறை உழைக்கக்கூடிய ஒரு பொருளை வேண்டுமென்றே நசுக்கித் தள்ளுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத அந்த மனம் எனக்குப் புரிகிறது. நம் வீட்டுப் பொருள்களிலும் இதே கதைதான். கழற்ற முடியாதபடி ஒட்டிய பேட்டரியோடு கைபேசிகள் வருகின்றன. ஒரு சிறு பாகம் பழுதானால் முழு மிக்ஸியையும் மாற்றச் சொல்கிறார்கள். வடிவமைக்கிற பொறியாளர்கள் வரைபட மேசையில் உட்காரும்போதே பழைய கேப்பைத் தள்ள வழி விட்டிருக்கிறோமா என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும்படி அவர்களை நெருக்க வேண்டியது வாங்குகிற நாம்தான்.