பானை ஓட்டில் கீறிய குறி யாருடையது?

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் வயதை கார்பன்-14 முறையில் கணிக்க முடியாது. 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கார்பன்-14, சுமார் 50,000 ஆண்டுகளில் அளக்க முடியாதபடி தேய்ந்துவிடும். நம் நிலக்கரியோ கோடி ஆண்டுகளைத் தாண்டியது. ஆனால் சுரங்கத்துக்கு வெகு மேலே, மேல்மண்ணில் புதைந்திருக்கும் ஒரு துண்டு அடுப்புக்கரி தன் காலத்தைச் சொல்லிவிடும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 எனக் காட்டியது இந்த முறையில்தான்.

அத்தகைய கரியோடு ஒரே மண்ணடுக்கில் கிடக்கும் பானை ஓடுகளில் ஏணி, அம்பு, மீன், குறுக்குக்கோடு என்று பல குறிகள். இவற்றைக் கீறியவர் யார்? விடையின் முதல் பாதி கீறலின் ஓரத்திலேயே இருக்கிறது. ஈரக் களிமண்ணில் கீறினால் இருபுறமும் மண் ஒதுங்கி மேடு தட்டும். சூளையில் வெந்தபின் அந்த மேடும் அப்படியே நிற்கும். சுட்ட பானையில் கீறினால் மேடு இராது. மேற்பூச்சு சிதறி, உள்ளிருக்கும் மண்ணின் நிறம் தெரியும். தமிழகக் குறிகளில் பெரும்பாலானவை சுட்டபின் கீறியவை. அதனால் குயவரைவிட, பானையை வாங்கிப் புழங்கியவரே கீறியிருக்க வாய்ப்பு அதிகம்.

குறி எழுத்தாக இருந்தால் மீதி விடையும் எளிது. கடலூரைத் தாண்டினால் வரும் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியக் குயவர்களின் முத்திரை பதிந்த சிவப்புக் கலத்துண்டுகள் கிடைத்தன. அந்த முத்திரைகள் எழுத்துகள் என்பதால் படிக்க முடிந்தது. அந்த ஊரின் காலத்தைக் கணிக்கவும் அவை உதவின.

நம் குறிகளுக்கு அந்த வசதி இல்லை. 2025 ஜனவரியில் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட, கா. ராஜனும் இரா. சிவானந்தமும் செய்த ஆய்வு, 140 இடங்களின் 15,000 ஓடுகளை ஆராய்ந்து, குறிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்புமை காட்டியது. பிரமிக்க வைக்கும் உழைப்பு. ஆனாலும் வடிவம் ஒத்துப்போவதாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது. ஏணியையும் அம்பையும் எந்த நாட்டு மனிதரும் வரைவார். எந்தக் குறி எந்தக் குழியில், எந்தப் பொருளோடு, எத்தனை கலங்களில் திரும்ப வருகிறது என்பதே வலுவான சான்று.

அதனால்தான் ஓட்டைவிட அது கிடந்த இடம் பெரிது. நமக்குப் பக்கத்திலேயே, பண்ருட்டி வட்டம் மருங்கூரில் 2024இல் அகழாய்வு தொடங்கியது. இந்த வட்டாரத்தில் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது கீறலுள்ள ஓடு தென்பட்டால் கழுவாதீர்கள், எடுத்துப்போய் அலமாரியில் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.