நடுப்பலகைக்கு எது ஏற்றது?

சிறிய பாய்ப்படகின் அடியில் உள்ள பிளவு வழியாக நீருக்குள் இறங்கி நிற்பது சென்டர்போர்டு எனப்படும் நடுப்பலகை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நழுவாமல் தடுப்பது அதுதான். பழைய பலகை உளுத்துவிட்டால் புதியதை எதில் செய்வது? உலோகத் தகடு, பிளாஸ்டிக், பிளைவுட் என ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ரீப்பர்களாக அறுத்து ஒட்டிய மரமே சிறந்தது என்கிறேன். இயன் பிராக்டர் 1957இல் வடிவமைத்த 4.82 மீட்டர் நீள வேஃபேரர் படகைப் பாருங்கள். 1963இல் ஃபிராங்க் டை ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனது இந்தத் திறந்த படகில்தான். மறு ஆண்டு நார்வே பயணத்தில் புயலில் சிக்கி அது நான்கு முறை கவிழ்ந்தது. கவிழ்ந்த சிறுபடகை நிமிர்த்த ஒருவர் நடுப்பலகை மேல் ஏறி நிற்பதுதான் வழக்கம். பலகைக்கு அதைவிடக் கடும் சோதனை இல்லை.

வெளியே 1 மீட்டர் நீளும், 35 செ.மீ. அகலமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள தட்டையான பலகையின் நுனியில் 80 கிலோ ஆள் நிற்பதாகக் கணக்கிடுவோம். நார்கள் நீளவாக்கில் ஓடும் நல்ல மரம் சுமார் 6 செ.மீ. வளையும். அதே அளவு பாலிஎதிலீன் பலகை அரை மீட்டருக்கு மேல் தொங்கிப்போகும். ஆகவே பிளாஸ்டிக்கை விட்டுவிடலாம். எஃகு மரத்தைவிட 20 மடங்கு விறைப்பானதுதான். ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப உயர்வதால், தடித்த மரம் அந்த இடைவெளியை எளிதில் ஈடுகட்டிவிடுகிறது. மரப் பலகையின் விறைப்பைப் பெற எஃகில் 9 மி.மீ., அலுமினியத்தில் 13 மி.மீ. வேண்டும். எடையோ எஃகுக்கு 25 கிலோ, அலுமினியத்துக்கு 12 கிலோ; மரத்துக்கு 5 கிலோகூட இல்லை. அடியில் கனம் இருந்தால் படகு சாயாதே என்பார்கள். இத்தகைய படகை நிமிர்த்திப் பிடிப்பது விளிம்பில் அமர்ந்து வெளியே சாயும் ஆளின் உடல் எடை. அதன் முன் தகட்டின் கனம் அற்பம்.

பிளைவுட் கோணாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் அடுக்குகளில் ஏறக்குறைய பாதி குறுக்கே ஓடுபவை. நீளவாக்கு வளைவைத் தாங்க அவை அதிகம் உதவுவதில்லை. முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்கி மீன் உடல்போல் இழைக்கும்போது முதலில் சீவப்படுவது, அதிக விசையைத் தாங்கும் வெளி அடுக்கு. கோணலுக்கு மரத்திலேயே தீர்வு உண்டு. 5 செ.மீ. ரீப்பர்களாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டிப்போட்டு எபாக்ஸியில் ஒட்டினால், ஒன்று வளையப் பார்க்கும் திசைக்கு எதிரே அடுத்தது இழுக்கும். மேலே கண்ணாடியிழைத் துணி போர்த்தினால் விறைப்பும் கூடும், நீரும் புகாது. நீர் பெரும்பாலும் புகுவது பலகை சுழலும் போல்ட் துளை வழியாகத்தான். அதைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸிக் கூழால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவுக்குத் துளையிட வேண்டும். அப்போது போல்ட் உரசுவது எபாக்ஸியில், மரத்தில் அல்ல.