பிரேசில் கொட்டை மரம்

முந்திரியை நாம் அறிவோம். அது பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அந்நாட்டின் பெயரையே தாங்கிய மற்றொரு கொட்டையை நம்மில் சுவைத்தவர் சிலரே.

அமேசான் மழைக்காடுகளில் 50 மீட்டர் வரை ஓங்கி வளரும் மரம் இது. இதன் காய் முற்ற ஏறத்தாழ 15 மாதங்களாகும். எடை 2 கிலோ வரை இருக்கும். அது தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து! ஆகவே காற்று வீசும் வேளையில் பொறுக்குவோர் மரத்தடியை அணுகார். பருப்பில் மூன்றில் இரு பங்கு எண்ணெய். அது சமையலுக்கும் சோப்புக்கும் உதவும். ஓடு அடுப்பெரிக்கப் பயன்படும். செலினியம் மிகுந்திருப்பதால் நாளொன்றுக்கு ஓரிரு பருப்பே போதும்.

இதன் மூடிய பூவைத் திறக்கப் பருத்த காட்டுத் தேனீக்களால்தான் இயலும். கல் போன்ற காயைக் கொறித்துத் திறப்பது அகூட்டி என்னும் முயலளவு விலங்கு. அது தின்றது போக, மண்ணில் புதைத்து மறந்துவிட்ட விதைகளே முளைக்கின்றன. (மறதியும் சில வேளை நன்மை தரும் போலும்!) தோப்பு வைத்துப் பார்த்தவர்கள் பெரும்பலன் காணவில்லை. இன்றும் சந்தைக்கு வருவது பெரும்பாலும் காட்டில் பொறுக்கியதே.

இம்மரத்தை வெட்டுவதைப் பிரேசில் அரசு தடை செய்துள்ளது. ஆனால் சுற்றியுள்ள காட்டை மேய்ச்சல் நிலமாக்கியபின், மரம் மட்டும் புல்வெளியில் தனித்து நிற்கிறது. பூக்கிறது, தேனீக்கள் வருவது அரிதாகிவிட்டதால், காய்ப்பது மிகக் குறைவு.