எந்தச் சைக்கிளை வாங்குவது?

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் தங்கை மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பாடவேளை போய்விடும். அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கும். அதுவரை என்ன செய்வது? தங்கை சேர்த்து வைத்திருந்த பணத்துக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம் என்று செஞ்சிக்குப் போனோம். கடையில் இரண்டு இருந்தன. விலை ஒன்றே. ஒன்று புதிதாகப் பச்சை வண்ணம் அடித்தது. மற்றது வண்ணம் மங்கி, மட்கார்டில் துருவேறிய கறுப்பு வண்டி.

"மாமா, பச்சைதானே நல்லா இருக்கு? மிதிக்கவும் லேசா இருக்கு!" என்றான் பையன்.

கம்பெனிப் பெயரைப் பார்த்து முடிவு செய்யலாமா? சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய தொழிற்சாலையின் ஹெர்குலிஸும், வங்காளத்து ஆசன்சாலில் செய்த ராலேயும் ஓடிய நாளில் எது உசத்தி என்று திண்ணைகளில் வாதம் நடக்கும். பழைய இத்தாலியப் பந்தய சைக்கிள்களை விரும்புவோரும் பியாங்கியா, கொல்னாகோவா என்று இப்படித்தான் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த உயர்ந்த வண்டிகள் பலவற்றுக்கும் குழாய் கொடுத்தது மிலான் நகரத்துக் கொலம்பஸ் என்ற ஒரே கம்பெனிதான்! ஆகவே பெயரை விட்டுவிட்டுக் குழாயைப் பார்ப்போம்.

சைக்கிள் பிரேமை ஏன் குழாயால் செய்கிறார்கள்? 28.6 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் சுவர்க்கனமும் உள்ள எஃகுக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நீளத்துக்கு அதே எடை எஃகைக் கெட்டிக் கம்பியாக்கினால் அதன் விட்டம் சுமார் 10.5 மில்லிமீட்டர் வரும். இரண்டில் எது எளிதில் வளையும்? கணக்கிட்டால், வளைவை எதிர்ப்பதில் குழாய் கம்பியைவிடச் சுமார் 14 மடங்கு விறைப்பானது. நடு அச்சிலிருந்து எஃகு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது வளைவை எதிர்க்கும். கொலம்பஸின் எஸ்.எல். என்ற குழாயில் சுவர் நடுவில் 0.6 மில்லிமீட்டர்தான், இரு முனைகளில் மட்டும் 0.9. மூட்டுகளில்தான் தகைவும், பற்றவைக்கும் சூடும் அதிகம் அன்றோ?

ஆனால் மெல்லிய சுவர் ஒரு முறை மடிந்தால் மடிந்ததுதான். எஃகு ஓரளவு வரை வளைந்து, விசையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த மீள்தன்மை எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்பாது. சுவரில் மோதிய சைக்கிளில் இந்தச் சேதம் எங்கே தெரியும்? ஹேண்டில்பார் நுழையும் முன்குழாயிலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தில், மூட்டுக்குச் சற்றுக் கீழே. பச்சை வண்டியில் அந்த இடத்தில் விரலை ஓட்டச் சொன்னேன். "மேடு மாதிரி இருக்கு மாமா" என்றான். புது வண்ணம் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது.

அடுத்து ஒரு நூல் வாங்கினோம். பின் அச்சு பொருந்தும் இடத்தில் ஒருபுறம் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபுறம் கட்ட வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருந்தால் பிரேம் நேராக இருக்கிறது என்று பொருள். கறுப்பு வண்டியில் சமம். பச்சையில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம்! கோட்டைக்குப் பிரியும் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, பிடியைத் தளர்த்தினால் அது இடப்பக்கம் இழுத்தது. பின்பகுதி மட்டும் கோணியிருந்தால் கைதேர்ந்த மெக்கானிக் நிமிர்த்திவிடுவார். மடிந்த குழாயோ அந்த இடத்தில் விரிசல் விடக்கூடும். தினம் பதினான்கு கிலோமீட்டர் போகிற பையனை அதில் ஏற்ற எனக்கு மனமில்லை.

அப்படியானால் பச்சை ஏன் லேசாக ஓடியது? பற்களை எண்ணினோம். அதில் முன்சக்கரப்பல் 44, பின்னால் பிரீவீலில் 20. ஆகவே பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 2.2 சுற்று. கறுப்பில் 48க்கு 18; அதாவது 2.67 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். ஒரு மிதிக்குப் பச்சை 4.8 மீட்டரும், கறுப்பு 5.9 மீட்டரும் ஓடும். தூரம் கூடினால் காலின் விசையும் கூடத்தானே வேண்டும்? இதில் பிரேமின் பெருமை ஒன்றும் இல்லை. கறுப்பு வண்டியை வாங்கி, 22 பல் பிரீவீல் மாற்றி, செயினில் இரண்டு கண்ணி சேர்த்தோம். இப்போது அதுவும் ஒரு மிதிக்கு 4.8 மீட்டர்தான்.

பெடல் கட்டையையும் மாற்றியபோது ஒரு வேடிக்கை. இடது பெடலைக் கழற்றப் பையன் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகினான். அது மேலும் இறுகியது. இடது பெடலுக்கு மரை தலைகீழாக இருக்கும். காரணம் அறிய, கைவிரல்களைத் தளர்வாக மடக்கி ஒரு பென்சிலை நுழையுங்கள். அதன் மேல்முனையைப் பிடித்து விரல் வளையத்தின் ஓரமாக வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். பென்சில் தன் அச்சில் எந்தப் பக்கம் உருளுகிறது என்று பாருங்கள்.