கையெழுத்துப் போட்டாலும் கணக்கில் வராத பெட்டி: ஜியோகேச்சிங் 'சேலஞ்ச்' விதிகள் நியாயமானவையா?

ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்குப் போய், யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் பெயரை எழுதணும், பெட்டியை எடுத்த இடத்திலேயே வைக்கணும், இணையத்தில் 'கண்டுபிடித்தேன்' என்று பதிவிடணும். அவ்வளவுதான், கணக்கில் ஒன்று கூடிவிடும்.

ஆனால் சில பெட்டிகளுக்கு மட்டும் இது போதாது. பெட்டியைக் கையில் எடுத்து, நோட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு, "உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை" என்று உங்கள் பதிவை நீக்கிவிடலாம். இவற்றுக்கு 'சேலஞ்ச் கேச்' என்று பெயர். கண்டுபிடித்தவருக்கே தகுதி இல்லை என்பது என்ன நியாயம்? விரிவாகப் பார்ப்போம்.

எப்படித் தொடங்கியது?

பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், மே 3ஆம் தேதி, ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங் டாட் காம் தளம் வந்தது. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இந்தியாவில் இருப்பது அதில் மிகச் சிறிய பங்குதான்.

'சேலஞ்ச்' என்றால் என்ன?

இந்தப் பெட்டியைக் கணக்கில் சேர்க்க, அதற்கு முன்போ பின்போ வேறு பல பெட்டிகளைக் கண்டுபிடித்துக் காட்டணும். புகழ்பெற்ற மூன்று வகைகள் இவை:

• 81 கட்டம்: ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதன் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை அரை அரையாக இரண்டு மதிப்பெண் உண்டு. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81. எல்லாச் சேர்க்கையிலும் குறைந்தது ஒரு பெட்டி எடுத்திருக்கணும்.

• 366 நாள்: காலண்டரில் உள்ள ஒவ்வொரு தேதியிலும் ஒரு பெட்டியாவது எடுத்திருக்கணும். ஒரே ஆண்டில் முடிக்கவேண்டியதில்லை. ஆனால் பிப்ரவரி 29ஐத் தவறவிட்டால் நான்கு ஆண்டுகள் காத்திருக்கணும்.

• ஜாஸ்மர்: 2000 மே முதல் இன்று வரை, ஒவ்வொரு மாதத்திலும் ஒளித்து வைக்கப்பட்ட பெட்டி ஒன்றையாவது எடுத்திருக்கணும்.

2009 வரை என்ன நடந்தது?

அதுவரை பெட்டியை வைத்தவர் சொல்வதுதான் சட்டம். பெட்டிக்குள் இருக்கும் கோமாளித் தொப்பியைப் போட்டுப் போட்டோ எடுத்துப் பதிவிடணும் என்றுகூட நிபந்தனை போடலாம். செய்யாவிட்டால் பதிவு நீக்கப்படும். 2009 ஏப்ரலில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அப்படிப்பட்ட வேலைகள் எல்லாம் இனி விருப்பம் இருந்தால் செய்யலாம், கட்டாயம் இல்லை என்று விதி மாறியது. விதிவிலக்கு பெற்றது சேலஞ்ச் மட்டும்தான். தொப்பி போடுவது வேடிக்கை, சேலஞ்ச் என்பது விளையாட்டிலேயே அடையும் சாதனை என்பதுதான் இதன் பின்னால் இருந்த எண்ணம்.

2015இல் ஏன் நிறுத்தினார்கள்?

எது சாதனை, எது வீம்பு என்று பிரிப்பது யார்? புதிய பெட்டிகளைச் சரிபார்த்து அனுமதிப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒருவர் அனுமதித்ததை இன்னொருவர் மறுப்பார். மறுக்கப்பட்டவர் தலைமையகத்தில் முறையிடுவார். புகார்கள் குவியவே, 2015 ஏப்ரல் 21 அன்று புதிய சேலஞ்ச் பெட்டிகளை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். விளையாடுபவர்களிடம் கருத்தும் கேட்டார்கள். 2016 மே மாதத்தில் புதிய விதிகளோடு மறுபடியும் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இருந்த பழைய சேலஞ்சுகள் மட்டும் பழைய நிபந்தனைகளோடு அப்படியே தொடர்ந்தன.

2016 விதிகள் சொல்வது என்ன?

• பெயரிலேயே 'சேலஞ்ச்' என்ற சொல் இருக்கணும். தெரியாமல் போய் யாரும் ஏமாறக்கூடாது.

• தகுதியைச் சோதிக்கும் 'செக்கர்' என்ற கணினி நிரல் பக்கத்திலேயே இருக்கணும். உங்கள் பயனர் பெயரைக் கொடுத்தால் தகுதி உண்டா, இல்லையா என்று அது சொல்லிவிடும்.

• சேலஞ்ச் வெளிவருவதற்கு முன்பு எடுத்த பெட்டிகளும் கணக்கில் சேரும். எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கணும் என்று சொல்ல முடியாது.

• இத்தனை நாள் இடைவிடாமல் எடுக்கணும், ஒரு மாதத்தில் 500 எடுக்கணும் என்று காலக்கெடு வைக்கக்கூடாது.

• முதல் ஆளாகக் கண்டுபிடிக்கணும் என்பது போல மற்றவர்களை முந்தும் போட்டியாக இருக்கக்கூடாது.

• பெட்டியின் பெயரில் இன்ன எழுத்து இருக்கணும், இன்னார் வைத்த பெட்டியாக இருக்கணும் என்றெல்லாம் கேட்கக்கூடாது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். வைத்தவரின் தனிப்பட்ட விருப்பத்தை எடுத்துவிட்டு, யார் பார்த்தாலும் ஒரே பதில் வரும் அளவுகோலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்ம ஊர் இளவட்டக்கல் மாதிரி. கல் தூக்கப்பட்டதா இல்லையா என்பதை ஊரே பார்க்கும், அதில் யாரும் வாதாட முடியாது.

அனுமந்தையில் ஒரு சேலஞ்ச் இருந்தால்?

அளவுகோல் பொதுவானது, சரி. ஆனால் இளவட்டக்கல் ஊருக்குள்ளேயே கிடக்கும். இங்கே கல் எங்கே கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் அனுமந்தையில், நில உரிமையாளரின் அனுமதியோடு ஒருவர் 366 நாள் சேலஞ்ச் பெட்டியை வைக்கிறார். அதே ஊர்க் கல்லூரி மாணவி ஒருவர் பத்து நிமிடத்தில் பெட்டியைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் தகுதிக்கு 366 தேதிகள் வேண்டும். எடுத்த பெட்டியையே மறுபடி எடுத்தால் கணக்கில் வராது. ஆக, 366 வெவ்வேறு பெட்டிகள் வேண்டும். பக்கத்தில் அத்தனை கிடையாது. புதுச்சேரி, சென்னை, பெங்களூரு என்று பஸ் ஏறிக்கொண்டே இருக்கணும்.

தெருவுக்கு ஒரு பெட்டி இருக்கும் ஜெர்மனி நகரத்துக்காரருக்கு இதே சேலஞ்ச், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடக்கும் விஷயம்.

81 கட்டமும் அப்படித்தான். நிலக் கடினம் 5 என்றால் படகு, மலையேறும் கயிறு போன்ற கருவி தேவைப்படும் இடம். அந்த வரிசையில் மட்டும் ஒன்பது பெட்டிகள் எடுக்கணும்.

ஜாஸ்மருக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2000 மே மாதத்தில் வைக்கப்பட்டு இன்றும் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், அந்த மே 11இல் வைக்கப்பட்ட 'மிங்கோ' அவற்றில் ஒன்று. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அதாவது பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் இல்லாமல் அந்தத் தகுதியை எட்டவே முடியாது. உழைப்பால் ஈடுகட்டவும் வழியில்லை.

அப்போ சேலஞ்சே அநியாயமா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆதரிப்பவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இதில் பரிசுப் பணம் இல்லை, வேலைவாய்ப்பு இல்லை. பிடிக்காவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று நீளும் ஓர் இலக்கு இருப்பதால்தான் பலர் போகாத ஊருக்கெல்லாம் போகிறார்கள். எல்லாமே எல்லோருக்கும் சுலபம் என்றால் 'சேலஞ்ச்' என்ற பெயருக்கு அர்த்தமே இருக்காது.

ஆனால் கடினமானது வேறு, கைக்கு எட்டாதது வேறு. ஒரு நிபந்தனை நியாயமானதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, தகுதியை யார் சோதித்தாலும் ஒரே முடிவு வருமா? இரண்டு, பெட்டி இருக்கும் ஊரில் வசிப்பவர் பொறுமையோடு முயன்றால் எட்ட முடியுமா? முதல் கேள்விக்கு 2016 விதிகள் நல்ல பதில் தந்துவிட்டன. போதுமான ஆட்களால் முடியக்கூடியதாக இருக்கணும் என்று விதி சொன்னாலும், இரண்டாவது கேள்விக்கான பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெட்டிகள் குறைவான நாட்டில் சேலஞ்ச் வைப்பவர், வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துக் காப்பி அடிக்காமல், உள்ளூர்க் கணக்கைப் பார்த்து எண்ணிக்கையை முடிவுசெய்வதுதான் முறை. 366 தேதிக்குப் பதில், 12 மாதங்களிலும் மாதம் ஒன்று என்று கேட்டாலும் சேலஞ்ச் சேலஞ்ச்தான்.

நீங்கள் தேடப் போனால்...

பெயரில் 'சேலஞ்ச்' என்று இருந்தால், கிளம்பும் முன் செக்கரில் பாருங்கள். தகுதி இல்லை என்று வந்தாலும் போகலாம், தடையில்லை. நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். இணையத்தில் 'கண்டுபிடித்தேன்' என்று போடாமல், குறிப்பாக மட்டும் பதிவிடுங்கள். தகுதி எப்போது வருகிறதோ அப்போது, மறுபடி அந்த இடத்துக்குப் போகாமலேயே, 'கண்டுபிடித்தேன்' என்று பதிவிடலாம். கையெழுத்தும் தகுதியும் இரண்டும் இருந்தால், பெட்டியை வைத்தவரே நினைத்தாலும் அந்தப் பதிவை நீக்க விதியில் இடமில்லை.