கரியடுப்பின் இடுக்கை அடைத்தல்

ஹோசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இரும்புப் பீப்பாயை அறுத்து இறைச்சி வாட்டும் கரியடுப்பாக்குவோர், முதலில் அதில் இரசாயனப் பொருள் இருந்ததன்று என உறுதி செய்துகொள்ளுதல் அவசியம்.

இடுக்குகளில் காற்று புகுந்தால் கரி வீணாக எரிந்து தீரும், உஷ்ணமும் அடங்காது. களிமண் ஒரு பங்கு, மணல் இரு பங்கு, சிறிது சாம்பல் கூட்டிப் பிசைந்து, ஆறிய அடுப்பின் இணைப்புகளிற் பூசி நிழலில் உலர்த்துக. தனிக் களிமண் சுருங்கி வெடிக்கும். மூடி விளிம்புக்கு, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல், பிசைந்த மாவு போதும். கல்நார்க் கயிறு நுரையீரலைக் கெடுக்கும். தாரும் வர்ணமும் சூட்டில் நச்சுப்புகை விடும்.

காற்றுத் துவாரத்தையும் புகைவழியையும் அடைத்தலாகாது. எவ்வளவு நன்றாக அடைத்த அடுப்பிலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். ஆதலின் மார்கழிக் குளிரிலும் கரியடுப்பை வீட்டினுள் வைத்துக் கதவடைத்தல் கூடாது.